மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, வெறும் மூச்சு! ஓபரா பற்றி இதெல்லாம் தெரியுமா?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம். 3,700க்கும் மேற்பட்ட இருக்கைகள். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் எழுபது எண்பது கலைஞர்கள் வயலினும் எக்காளமும் முரசுமாக முழங்குகிறார்கள். அத்தனை முழக்கத்துக்கும் பின்னால், மேடையில் ஒரே ஒரு பெண். கையில் மைக் இல்லை. சட்டைக் கழுத்தில் இல்லை. கூந்தலுக்குள் ஒளித்தும் வைக்கவில்லை. வாயைத் திறக்கிறார். கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி வரிசையில், இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவன் திடுக்கிட்டு நிமிர்கிறான். அந்தக் குரல் அவன் காதோரம் வந்து நிற்கிறது!

இதுதான் ஓபரா. கதையைப் பெரும்பாலும் பாட்டாகவே நடத்திக் காட்டும் மேலைநாட்டு இசை நாடகம். 'ஓபரா' என்ற இத்தாலியச் சொல்லுக்கு வெறும் 'வேலை', 'படைப்பு' என்றுதான் பொருள். நானூறு வருடங்களாக நடந்துகொண்டிருக்கும் இந்த வேலைக்கு மூலதனம் ஒன்றே ஒன்று: மூச்சு. ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து கிளம்பி, எந்த ஒயருக்குள்ளும் நுழையாமல், நேராக நம் காதுக்கு வந்து சேரும் மூச்சு. செல்போனில் நாலு நிமிடம் கேட்டுவிட்டு 'ஓபரா என்றால் கத்தல்தானே' என்று நினைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு இன்னொரு முறை யோசியுங்கள்!

ஓபரா ஒரு தப்புக் கணக்கில் பிறந்தது, தெரியுமா?

16ம் நூற்றாண்டின் பிற்பகுதி. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் பார்தி என்ற பிரபுவின் வீட்டில் புலவர்களும் இசைக்காரர்களும் கூடிக் கூடிப் பேசினார்கள். பண்டைய கிரேக்க நாடகங்களைப் பார்த்தவர்கள் கதறி அழுதார்களாமே, எப்படி? அந்த நாடகங்கள் முதல் வரி முதல் கடைசி வரி வரை பாடப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். வசனம் பேசுவது போலவே பாடும் ஒரு புதுப் பாணியையும் உருவாக்கினார்கள். கிரேக்கர்கள் அப்படி முழுக்கப் பாடவில்லை என்பதுதான் பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் அந்தத் தப்புக் கணக்குக்கு விடையாக ஒரு புதிய கலையே கிடைத்துவிட்டது!

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவரின் பெயர் வின்சென்சோ கலிலேய். ஆம், தொலைநோக்கியால் வானத்தைத் துழாவிய கலிலியோவின் அப்பாவேதான்! இசையிலே பரிசோதனை செய்த அப்பா, வானத்திலே பரிசோதனை செய்த மகன்!

யாகோப்போ பேரி இசையமைத்த 'தாப்னே'தான் முதல் ஓபரா என்பார்கள். அதன் இசையில் பெரும்பகுதி தொலைந்துபோய்விட்டது. முழுதாக நம் கைக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழையது அவருடைய 'யூரிதிச்சே'. 1600 அக்டோபரில், மரியா தே மெதிச்சிக்கும் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் அரங்கேறியது. அதாவது, முழுதாகக் கிடைத்த முதல் ஓபரா கல்யாண வீட்டுக் கச்சேரி!

அரண்மனைக்குள் இருந்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தது வெனிஸ். 1637ல் அங்கே சான் காசியானோ அரங்கம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்தது. உலகின் முதல் பொது ஓபரா அரங்கம் அதுதான்.

எண்பது வாத்தியங்களை ஒரு தொண்டை ஜெயிப்பது எப்படி, தெரியுமா?

பலம் போட்டுக் கத்தி என்று நினைத்தால் தவறு. கத்தினால் முதல் அங்கத்திலேயே தொண்டை போய்விடும். ரகசியம் வேறிடத்தில் இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் எங்கே குவிந்திருக்கிறது என்று அளந்து பார்த்தால், வினாடிக்கு 500 அதிர்வுகள் என்ற அளவையொட்டி உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேலே போகப் போகச் சரிகிறது. 3,000 அதிர்வுகள் பக்கம் போனால் எண்பது பேர் வாசித்தாலும் அங்கே கூட்டம் குறைவு. கிட்டத்தட்டக் காலி இடம்! பயிற்சி பெற்ற ஓபரா பாடகர் என்ன செய்கிறார்? குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்குகிறார். அதற்கு மேலே உள்ள தொண்டைப் பகுதியை அகலமாக்குகிறார். அப்போது அவருடைய குரலில், சரியாக அந்த 3,000 அதிர்வுகளை ஒட்டி, ஒரு தனி மினுமினுப்பு எழும்புகிறது. வாத்தியங்கள் இல்லாத அந்தச் சந்துக்குள் புகுந்து குரல் வெளியே வந்துவிடுகிறது! ஸ்வீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோகான் சுந்த்பெரி இதை அளந்து விளக்கியவர்களில் முதன்மையானவர்.

இன்னும் கேளுங்கள். நம்முடைய காதுத் துளை இருக்கிறதே, அதன் நீளமும் அமைப்பும் எந்த ஒலியை அதிகமாகத் தூக்கிக் கொடுக்கும் தெரியுமா? அதே 3,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியைத்தான்! பாடகரின் தொண்டையும் நம் காதும் பேசி வைத்துக்கொண்டது போல!

உச்ச ஸ்தாயியில் பாடும் சோப்ரானோ பெண்களுக்குக் கணக்கு வேறு. அவர்களின் சுருதியே மிக மேலே போய்விடுவதால், ஒவ்வொரு சுரத்துக்கும் தாடையைத் திறந்து திறந்து வாயின் அளவைச் சரிசெய்கிறார்கள். அதனால்தான் அந்த உயரத்தில் சொற்கள் கரைந்து குரல் மட்டும் மிஞ்சுகிறது. இத்தாலியப் பாட்டு அந்த இடத்தில் இத்தாலியருக்கே சரியாகப் புரியாது! ஆகவே மொழி தெரியாதே என்று நாம் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

மன்னார் கடற்கரை மணம் வீசும் பிரெஞ்சு ஓபரா ஒன்று உண்டு, தெரியுமா?

1863 செப்டம்பர் 30. பாரிஸில் திரை விலகுகிறது. மேடையில் இலங்கைக் கடற்கரை! ஓபராவின் பெயர் 'முத்துக் குளிப்போர்'. இசையமைத்தவர் ஜார்ஜ் பிசே, வயது 24. அவர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. கதையை எழுதியவர்கள் முதலில் அதை மெக்சிகோவில் நடப்பதாக வைத்திருந்து, பிறகுதான் இலங்கைக்கு மாற்றினார்கள்.

நாதீர், சூர்கா என்று இரண்டு நண்பர்கள். இருவரும் ஒரே பெண்ணைக் கண்டு மயங்கி, நட்புக்காக அவளை மறப்பதென்று ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். முத்துக் குளிக்கும் காலம் வருகிறது. ஆழத்தில் இறங்குகிறவர்களுக்குத் தீங்கு வராமல் காக்க, முகத்திரை போட்ட ஒரு பூசாரிப் பெண் வருகிறாள். அவள் பாறைமேல் நின்று இரவெல்லாம் பாட வேண்டும். அந்தப் பெண்தான் இவர்கள் மறக்க நினைத்த லைலா!

எங்கோ பாரிஸில் உட்கார்ந்து கட்டிய கற்பனைதானே என்கிறீர்களா? மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கமும் மன்னார்ப் பக்கமும், தமிழர்கள் காலங்காலமாக முத்துக் குளித்தவர்கள். கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கிச் சிப்பியை வாரி வருவார்கள். அவர்கள் இறங்கும்போது கரையில் ஒருவர் மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். 'கடல்கட்டி' என்று அவருக்குப் பெயர்! அவர் வராமல் குளிகாரர்கள் கடலில் கால் வைக்க மாட்டார்கள் என்று 19ம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓபராவில் லைலா, மன்னாரில் கடல்கட்டி. இரண்டு இடத்திலும் ஒரு குரலை நம்பித்தான் ஆழத்துக்குள் இறங்குகிறார்கள்!

மூச்சை அடக்கிப் பிழைத்த மனிதர்களின் கதையை, மூச்சை விட்டுப் பிழைக்கும் மனிதர்கள் பாடுகிறார்கள். முதல் அங்கத்தில் அந்த இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடும் பாட்டு இன்று உலகத்தின் மிகப் பிரியமான ஜோடிப் பாடல்களில் ஒன்று. ஆனால் அன்று? 18 காட்சிகளோடு மூட்டை கட்டிவிட்டார்கள். பிசே இருந்தவரை பாரிஸ் அதை மறுபடி மேடையேற்றவில்லை.

அமேசான் காட்டு ஓபரா அரங்கத்துக்கும் தமிழர் வியர்வைக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

பிரேசிலின் மனௌஸ் நகரம். அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, அமேசான் காட்டின் நடுவில் இருக்கிறது. அங்கே 1896 டிசம்பர் 31 அன்று ஓர் ஓபரா அரங்கம் திறந்தது! இத்தாலியிலிருந்து சலவைக்கல், முரானோவிலிருந்து கண்ணாடி விளக்குகள், ஐரோப்பாவிலிருந்து இரும்பு. எல்லாம் கப்பலேறி, ஆறேறி வந்தன. கூரைமேல் ஒரு கும்மட்டம். அதில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள்!

இத்தனைக்கும் பணம்? ரப்பர்! உலகத்துக்கே ரப்பர் பால் அந்தக் காட்டு மரங்களிலிருந்து வடிந்த காலம். மரத்தைத் தேடி அலைந்து பால் எடுத்த ஏழைகளின் ரத்தமும் அதில் கலந்திருந்தது.

ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பே, 1876ல், ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி எங்கே வந்தது தெரியுமா? இலங்கைக்கு! அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாயா எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்கள் யார்? கங்காணி கூட்டிச் சென்ற நம் தமிழ்க் குடும்பங்கள்!

தோட்ட ரப்பர் மலிவாகச் சந்தைக்கு வந்ததும், 1910களில் அமேசான் ரப்பர் வணிகம் சரிந்தது. மனௌஸ் வெறிச்சோடியது. காட்டு நடுவே அந்த அரங்கம் பல பத்தாண்டுகள் ஊமையாக நின்றது. மலாயாத் தோட்டத்தில் கோப்பையில் சொட்டிய ஒவ்வொரு துளியும் பூமிக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டை நிறுத்தியிருக்கிறது! நல்லவேளை, கதை அங்கே முடியவில்லை. புதுப்பிக்கப்பட்ட அரங்கம் 1990ல் மறுபடி திறந்தது; இப்போது அங்கே ஓபரா விழாவே நடக்கிறது.

காந்தியின் கதை ஓபராவாக வந்திருக்கிறது, அதுவும் சமஸ்கிருதத்தில், தெரியுமா?

அமெரிக்கர் பிலிப் கிளாஸ் இசையமைத்த 'சத்யாகிரகா', 1980ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் அரங்கேறியது. பாடல் வரிகள் அத்தனையும் பகவத் கீதையிலிருந்து எடுத்தவை! பித்தளைக் குழல் கிடையாது, முரசு கிடையாது. தந்தி வாத்தியங்கள், புல்லாங்குழல் போன்ற மரக்குழல் வாத்தியங்கள், ஆர்கன் மட்டும். அகிம்சையைப் பாடும் ஓபராவில் போர் வாத்தியத்துக்கு இடமில்லாமல் போனது எவ்வளவு பொருத்தம்!

கதை நடப்பது தென்னாப்பிரிக்காவில். மூன்றாம் அங்கம் முழுக்க 1913ல் நியூகாஸில் நிலக்கரித் தொழிலாளர்கள் நடந்த நெடும்பயணம். அவர்களில் ஏராளமானோர் தமிழ் ஒப்பந்தக் கூலிகள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று உயிரைக் கொடுத்த அதே போராட்டம்! காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையும் இதில் ஒரு காட்சியாக வருகிறது. 1903ல் தொடங்கியபோது நான்கு மொழிகளில் வந்த அந்தப் பத்திரிகையின் ஒரு மொழி தமிழ். லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறிய ஒரு தயாரிப்பில் செய்தித்தாள்களைக் கசக்கி ஒட்டியே ராட்சத பொம்மைகள் செய்து மேடையில் நடமாட விட்டார்கள்!

உலகப் புகழ் ஓபராக்கள் முதல் நாள் படுத்துவிட்டன, தெரியுமா?

1816 பிப்ரவரி 20, ரோம். ரோசினியின் 'செவில் நகரத்து நாவிதர்' அரங்கேற்றம். மூன்று வாரத்துக்குள் எழுதி முடித்த ஓபரா. கித்தார் கம்பி அறுந்தது. ஒரு பாடகர் தடுக்கி விழுந்து மூக்கில் ரத்தம். போதாக்குறைக்கு ஒரு பூனை மேடைக்கு வந்து சுற்றிச் சுற்றி ஓட, சபையே மியாவ் மியாவ் என்று கத்தியது! மறுநாள் ரோசினி அரங்கத்துப் பக்கமே போகவில்லை. இரவில் கூட்டம் ஆரவாரத்தோடு அவர் வீட்டுக்கு வந்தபோது, அடிக்க வருகிறார்கள் என்று பயந்துபோனாராம். வந்தவர்களோ கொண்டாட வந்தவர்கள்! ஒரே இரவில் தீர்ப்பு தலைகீழ்.

1853, வெனிஸ். வெர்தியின் 'லா திராவியாதா'. காசநோயால் இளைத்துச் சாகும் நாயகியாக நல்ல வாட்டசாட்டமான பாடகி, சபை சிரித்துவிட்டது. அடுத்த வருடமே அதே ஊரில் வேறோர் அரங்கத்தில் ஜெயக்கொடி! 1904, மிலான். புச்சினியின் 'மதாமா பட்டர்பிளை' கூச்சலுக்கு நடுவே விழுந்தது. மூன்றே மாதத்தில், திருத்திய வடிவத்தோடு பிரெஷியா நகரத்தில் எழுந்து நின்றது.

மனசு கனக்கும் கதை 'கார்மென்' உடையது. நம் முத்துக்குளிப்புக்கு இசையமைத்த அதே பிசே! 1875 மார்ச் 3ல் பாரிஸில் அரங்கேறியபோது ஆபாசம் என்று ஏசினார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 3 அன்று, 36 வயதில் பிசே இறந்துபோனார். அந்த ஆண்டு முடிவதற்குள் வியன்னா அதைத் தூக்கிக் கொண்டாடியது. இன்று உலகத்தில் அதிகமாக மேடையேறும் ஓபராக்களில் அது ஒன்று. அந்தக் கைதட்டலில் ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை.

கைதட்டவே கூலிக்கு ஆள் இருந்தார்கள், தெரியுமா?

19ம் நூற்றாண்டுப் பாரிஸில் அது முறையான தொழில்! பாரிஸ் ஓபராவில் ஓகுஸ்த் லெவாசர் என்பவர் அந்தப் படைக்குத் தலைவர். ஒத்திகைகளுக்கே போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்று குறித்துக்கொள்வார். சிரிப்பதற்குத் தனி ஆள், கைக்குட்டையை எடுத்து அழுவதற்குத் தனி ஆள், 'ஒன்ஸ்மோர்' கேட்பதற்குத் தனி ஆள்!

கூலி வாங்காத கைதட்டலுக்கு ஈடு ஏது? 1988 பிப்ரவரியில் பெர்லினில் லூசியானோ பவரோட்டி பாடி முடித்தார். சபை விடவில்லை. திரைக்கு முன்னால் 165 முறை வந்து வணங்க வேண்டியிருந்தது!  67 நிமிடம் வெறும் கைதட்டல்! மோதெனா நகரத்து ரொட்டிக்கடைத் தொழிலாளியின் மகன் அவர்.

மிலானின் லா ஸ்காலா அரங்கத்தில் தனிப்பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கிடையாது என்பது எழுதாத சட்டம். 2007ல் பெரு நாட்டு டெனர், அதாவது உயர்ந்த குரலில் பாடும் ஆண் பாடகர், ஹுவான் தியேகோ புளோரஸ், உச்ச சுரத்தை ஒன்பது முறை தொடும் தோனிசெத்தியின் பாட்டைப் பாடினார். கூரை அதிர்ந்தது. 1933க்குப் பிறகு முதல் முறையாக அந்தச் சட்டம் உடைந்தது, மறுபடி ஒன்பது!

ஜீன்ஸ் போட்ட எகிப்துத் தளபதியைப் பார்த்திருக்கிறீர்களா?

2006 டிசம்பர், அதே லா ஸ்காலா. 'அயீதா' நடக்கிறது. நாயகன் ராபெர்த்தோ அலான்யா முதல் பாட்டை முடித்ததும் மேல் பால்கனியிலிருந்து கேலிக் கூச்சல். அவர் கையை உயர்த்திவிட்டு மேடையை விட்டே போய்விட்டார்! இசை நிற்கவில்லை. மாற்றுப் பாடகர் அந்தோனெல்லோ பலோம்பிக்கு உடை மாற்ற நேரம் ஏது? போட்டிருந்த ஜீன்ஸோடு பொன்மயமான எகிப்து அரண்மனைக்குள் ஓடிவந்து பாடத் தொடங்கினார்!

1913 டிசம்பர், பிலடெல்பியா. 'லா போயெம்' நாடகத்தின் கடைசி அங்கத்தில், நோயாளிப் பெண்ணுக்கு மருந்து வாங்கத் தன் பழைய மேலங்கியை விற்கப்போகும் நண்பன் அதற்கு விடைசொல்லிப் பாட வேண்டும். பாட வேண்டிய செகுரோலாவுக்குக் குரல் அடைத்துவிட்டது. மாபெரும் டெனர் என்ரிக்கோ கருசோ சபைக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த அடித்தொண்டைப் பாட்டை நண்பனுக்காகத் தானே பாடிவிட்டார்!

1926 ஏப்ரல் 25, மறுபடி லா ஸ்காலா. புச்சினி முடிக்காமலே இறந்துபோன 'துராந்தோத்' அரங்கேற்றம். மீதியை இன்னொருவர் எழுதி முடித்திருந்தார். இசையை நடத்திய தொஸ்கானினி, லியூ என்ற அடிமைப்பெண் இறக்கும் காட்சி முடிந்ததும் கோலைக் கீழே வைத்தார். சபையைத் திரும்பிப் பார்த்து, மாஸ்டர் எழுதியது இதுவரைதான் என்று சொல்லி நிறுத்திவிட்டார். அன்றிரவு அதற்கு மேல் யாரும் பாடவில்லை. பதிவு செய்து வைத்த எந்த இசைத்தட்டு இப்படி ஒரு மௌனத்தைத் தரும்!

ஒரு பாட்டால் ஒரு நாடு பிறந்தது, தெரியுமா?

1830 ஆகஸ்ட் 25, பிரஸ்ஸல்ஸ். நெதர்லாந்து அரசரின் ஆட்சி. ஓபெர் இசையமைத்த 'போர்த்திச்சியின் ஊமைப்பெண்' நடக்கிறது. தாய்நாட்டுப் பற்றைப் பாடும் ஜோடிப் பாடல் வந்ததும் அரங்கம் கொதித்தது. கூட்டம் தெருவில் இறங்கியது. கலகம் புரட்சியானது. ஆறே வாரத்தில் பெல்ஜியம் விடுதலையை அறிவித்துவிட்டது!

சடசடவென்று இன்னும் சில!

* ஸ்பெயின் அரசர் ஐந்தாம் பிலிப் தீராத மனச்சோர்வில் கிடந்தார். 1737ல் இத்தாலியப் பாடகர் பாரினெல்லி வரவழைக்கப்பட்டார். அரசர் இறக்கும்வரை, ஏறக்குறைய ஒன்பது வருடம், இரவு தோறும் அவருக்காகப் பாடினார்! குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே ஆண்மை பறிக்கப்பட்ட பாடகர்களில் ஒருவர் அவர். அந்தக் கொடுமை இன்று இல்லை.
* மொட்சார்ட் 'தோன் ஜொவான்னி'யின் தொடக்க இசையை எழுதி முடித்தது அரங்கேற்றத்துக்கு வெகு நெருக்கத்தில், கடைசி இரவில் என்பார்கள். மை காயாத தாளைப் பார்த்து வாசித்தார்களாம்!
* 1977ல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் எட்டா மோசர் பாடிய 'மாயப் புல்லாங்குழல்' ஓபராப் பாட்டு இருக்கிறது. அதே தட்டில் நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரும் இருக்கிறார். இருவரும் சேர்ந்து விண்மீன்களுக்கு நடுவே பயணம்!
* வாக்னரின் 'நீபெலுங் மோதிரம்' நான்கு இரவுகள், சுமார் 15 மணி நேரம். எழுதி முடிக்க 26 வருடம்! அதற்கென்றே 1876ல் பைராய்த்தில் அரங்கம் திறந்தார். ஆர்கெஸ்ட்ரா கண்ணுக்கே தெரியாது. மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கும். இன்றும் அங்கே மணி அடிப்பதில்லை. மாடத்தில் நின்று எக்காளம் ஊதித்தான் சபையை உள்ளே அழைக்கிறார்கள்.
* சிட்னி ஓபரா ஹவுஸில் முதலில் பாடியவர் யார்? 1960ல், கட்டடம் பாதியில் நிற்கும்போதே, கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் சாரத்துக்கு நடுவே கட்டடத் தொழிலாளர்களுக்காகப் பாடினார்! திறப்பு விழா நடந்ததோ 1973ல்.
* இத்தாலியின் வெரோனா நகரத்தில் இரண்டாயிரம் வருடத்து ரோமானியத் திறந்தவெளி அரங்கத்தில் 1913லிருந்து ஓபரா நடக்கிறது. இருட்டியதும் கல்படிகளில் இருப்பவர்கள் சின்ன மெழுகுவர்த்திகளை ஏற்றுவது அங்கே மரபு. ஆயிரம் ஆயிரம் சுடர்!

கழுத்துத் துண்டுக்கும் டிக்கெட் மரியாதை இருந்தது, தெரியுமா?

ஓபரா பணக்காரர் பொழுதுபோக்கு என்பவர்களை வியன்னாவுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்குள்ள அரசு ஓபரா அரங்கத்தில் நின்று பார்க்கவே நூற்றுக்கணக்கான இடங்கள். அவற்றில் பல தரைத்தளத்தில், மேடைக்கு நேர் எதிரே, மிகச் சிறந்த இடத்தில்! பக்கத்து இருக்கைக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் ஒரு துணுக்குதான் இதற்கு விலை.

நெடுங்காலம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது: வரிசையில் மணிக்கணக்காக நின்று உள்ளே ஓடுவார்கள். சாய்ந்து நிற்க ஒரு கம்பி. பிடித்த இடத்தில் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கம்பியில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான்! அந்த இடம் உங்களுடையது. வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். யாரும் தொட மாட்டார்கள். மூன்று மணி நேரம் கால் கடுக்க நிற்கும் இந்த ரசிகர்களின் காதுக்குத்தான் பாடகர்கள் அதிகமாகப் பயப்படுவார்கள். பல வருடம் நின்று நின்று கேட்டுப் பழுத்த காதுகள்!

அந்தக் கட்டடம் 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது. சோறும் விறகும் இல்லாத ஊர், பத்து வருடம் பாடுபட்டு அதை எழுப்பியது. 1955 நவம்பர் 5 அன்று திறந்தபோது எடுத்துக்கொண்ட ஓபரா பீத்தோவனின் 'பிதேலியோ'. சிறையிலிருந்து விடுதலையாகி வெளிச்சத்துக்கு வரும் மனிதர்களின் கதை!

எல்லோர் நெஞ்சும் சேர்ந்து துடிக்கும், தெரியுமா?

நேரில் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது? பெர்லினில் ஆய்வாளர்கள் இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் உடம்பில் கருவி பொருத்தி அளந்து, 2023ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள். ஆனால் இசை ஓட ஓட அவர்களின் இதயத் துடிப்பும், மூச்சின் வேகமும், தோலின் சிலிர்ப்பும் ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்கின! நாம் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதாக நினைக்கிறோம். உடம்பு பக்கத்து இருக்கையோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது!

மொழி ஒரு தடையா? 1983ல் கனடாவின் டொரொன்டோவில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஓடவிட்டார்கள். அன்றிலிருந்து உலகமெங்கும் அது வழக்கம். தூரம் ஒரு தடையா? மும்பையில் 1911ல் திறந்த ராயல் ஓபரா ஹவுஸ், இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே ஓபரா அரங்கம், இருபது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்து 2016ல் மறுபடி விளக்கேற்றியிருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அடுத்த பயணத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். முதல் முறைக்கு 'கார்மென்' அல்லது 'லா போயெம்' போதும். கதையை மட்டும் முன்கூட்டிப் படித்துவிட்டுப் போங்கள்.

விளக்கு அணையும். இருமல்கள் ஓயும். இரண்டாயிரம் பேர், மன்னார்க் கடலில் இறங்கப்போகும் குளிகாரர்களைப் போல, ஒருசேர மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அமைதியில் மேடையிலிருப்பவர் முதல் சுரத்துக்காக மூச்சை உள்ளே இழுப்பார். பாட்டுக்கும் முந்திய அந்தச் சின்னச் சத்தம், எந்தக் கருவியும் நடுவில் இல்லாமல், உங்களுக்குக் கேட்கும். ஒருமுறை கேட்டுவிடுங்கள்!